கேட்டால் மட்டுமே பேசும் கருவிகள்: யுஎஸ்பி இணைப்பு இயங்கும் விதம்

கணினியின் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்துகிறோம். அடுத்த கணமே எழுத்து திரையில் வந்து நிற்கிறது. விசைப்பலகைதான் கம்பி வழியாக அந்தச் செய்தியைத் தானாக அனுப்பி வைத்தது என்று இயல்பாகவே நினைத்துக்கொள்கிறோம். யுஎஸ்பி வழியாக இணைந்த விசைப்பலகைக்கு அந்த உரிமை கிடையாது. விசை அழுத்தப்பட்டது தனக்குத் தெரிந்தாலும், கணினி தன்னிடம் வந்து "சொல்வதற்கு ஏதாவது உண்டா?" என்று கேட்கும் வரை அது வாயைத் திறக்கக் கூடாது. கணினி நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ கேட்டுக்கொண்டே இருப்பதால், இடையிலுள்ள காத்திருப்பு நம் கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படுவதில்லை. கேள்வி எப்போதும் கணினியுடையது, பதில் மட்டுமே கருவியுடையது என்ற இந்த ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டால், யுஎஸ்பியின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, 1990களின் நடுப்பகுதியில் விற்பனையான மேசைக் கணினி ஒன்றின் பின்புறத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துளை, அச்சுப்பொறிக்கு 25 துளைகள் கொண்ட நீளமான இணைப்பி, மோடத்துக்கு 9 ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட், ஜாய்ஸ்டிக்குக்கு இன்னொரு வடிவம் என ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வாசல் இருந்தது. ஸ்கேனர் வாங்கினால், கணினிப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி உள்ளே ஓர் அட்டையைச் செருக வேண்டிய நிலையும் பலருக்கு வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை உள்ளே இருந்தது. ஒரு கருவி செயலியின் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்கு அழைப்பு மணி போன்ற ஒரு தடம் வேண்டும். அத்தகைய தடங்கள் அன்றைய கணினியில் மொத்தமே 16தான் இருந்தன; அவற்றில் பலவற்றைக் கணினியின் சொந்த உறுப்புகளே எடுத்துக்கொண்டுவிட்டன. இரண்டு அட்டைகள் ஒரே தடத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டுமே வேலை செய்யாமல் போவது வழக்கம். எந்தத் தடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அட்டையில் உள்ள சிறு இணைப்புகளை மாற்றி வைத்து, கணினியை மறுபடி இயக்கிச் சோதித்த அனுபவம் அக்காலத்துப் பயனர்களுக்கு மறந்திருக்காது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியதே யுஎஸ்பி. அதன் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெல்லில் இப்பணியை முன்னின்று நடத்திய அஜய் பட், வதோதராவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 2013இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதைப் பெற்றனர். தொடக்க காலம் சுமுகமாக அமைந்துவிடவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98 ஓடிய கணினியில் ஒரு ஸ்கேனரை யுஎஸ்பி வழியாகச் செருகிக் காட்ட முயன்றபோது திரை முழுதும் நீலமாகிக் கணினி நின்றுபோனது. ஆனால் அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் பழைய துளைகளை அடியோடு விட்டுவிட்டு, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் யுஎஸ்பியை மட்டும் வைத்து ஐமேக் கணினியை வெளியிட்டது. கருவி செய்வோர் யுஎஸ்பி பக்கம் விரைந்து திரும்ப அது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

இனிக் கம்பிக்குள் செல்வோம். யுஎஸ்பி 2.0 வரையிலான கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள்தான் இருக்கும். வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது. கறுப்பு அதன் திரும்பு வழி. பச்சையும் வெள்ளையும் சேர்ந்து தகவலைச் சுமக்கின்றன. ஒரு தகவலுக்கு எதற்கு இரண்டு கம்பிகள்? ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றொன்றில் இறங்குமாறு வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே மறுமுனை படித்துக்கொள்கிறது. அருகில் ஓடும் மின்விசிறியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தாக்கும். ஆகவே வேறுபாட்டைக் கணக்கிடும்போது அந்த இரைச்சல் கழிந்துபோய்விடுகிறது. பின்னிப் பிணைந்த இந்த ஒரு ஜோடிதான் இரு திசைகளுக்கும் பொது. ஒற்றை வழித்தடத்தில் எதிரெதிரே இரு ரயில்கள் வர முடியாததைப் போல, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். யார் எப்போது பேசுவது என்பதைக் கட்டுப்படுத்த ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு கணினியிடம் விடப்பட்டது.

அப்படியானால், கேட்காமல் பேசக் கூடாத ஒரு கருவி, தான் வந்து சேர்ந்ததைக் கணினிக்கு எப்படித் தெரிவிக்கிறது? இதற்கான தீர்வு மிகவும் சிக்கனமானது. கணினியின் பக்கம் இரண்டு தகவல் கம்பிகளும் மின்தடைகளின் வழியாகச் சுழிய மின்னழுத்தத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. துளை காலியாக இருக்கும்போது இரண்டுமே தாழ்ந்து கிடக்கும். கருவிக்குள் 1.5 கிலோ ஓம் அளவுள்ள ஒரு மின்தடை, அக்கம்பிகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் மேல்நோக்கி இழுக்கிறது. செருகியதும் அந்த ஒரு கம்பியின் மின்னழுத்தம் உயர்கிறது. வகுப்பில் மாணவர் வாய் பேசாமல் கையை உயர்த்துவதற்கு ஒப்பானது இது. பச்சைக் கம்பி உயர்ந்தால் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவி என்றும், வெள்ளைக் கம்பி உயர்ந்தால் 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும் எளிய கருவி என்றும் கணினி அந்தக் கணமே அறிந்துகொள்கிறது. 480 மெகாபிட் வேகக் கருவிகளும் முதலில் 12 மெகாபிட் கருவியாகவே கை உயர்த்திவிட்டு, அதன் பிறகே தங்கள் உண்மையான வேகத்தைச் சொல்கின்றன. பழைய செவ்வக வாய் இணைப்பியை உற்றுப் பார்த்தால், நான்கு உலோகத் தகடுகளில் ஓரங்களில் உள்ள இரண்டு சற்று நீளமாக இருப்பதைக் காணலாம். மின்சாரம் முதலில் சேர்ந்து, கருவி விழித்துக்கொண்ட பிறகே தகவல் கம்பிகள் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகவும் பிடுங்கவும் முடிவதில் இந்தச் சிறு நீள வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு.

கை உயர்ந்ததைக் கண்ட கணினி, இணைப்பு ஆட்டமின்றி உறுதிப்படுவதற்காகச் சுமார் 100 மில்லிநொடி பொறுத்திருந்து, கருவியை ஒருமுறை தொடக்க நிலைக்குத் தள்ளுகிறது. அந்த நிலையில் எந்தக் கருவிக்கும் முகவரி 0தான். புதிதாக வந்தவரைக் கணினி அந்தப் பொது முகவரியில் அழைத்து, 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றை அதற்கு நிரந்தரமாக அல்லாமல் அந்த இணைப்பு நீடிக்கும் வரை ஒதுக்குகிறது. பிறகு விசாரணை தொடங்குகிறது. கருவி தன்னைப் பற்றிய விவரக் குறிப்பை 18 பைட்டுகளில் தருகிறது. அதில் அதைச் செய்த நிறுவனத்துக்குரிய எண்ணும், அந்த நிறுவனத்தின் எந்தத் தயாரிப்பு என்பதைக் காட்டும் எண்ணும் இருக்கும். இதைத் தொடர்ந்து வரும் குறிப்புகளில், தான் எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு மின்னோட்டம் வேண்டும், எத்தனை வாயில்கள் வழியாகப் பேசும் என்பனவெல்லாம் அடங்கும்.

வகையைச் சொல்வதில்தான் யுஎஸ்பியின் பெரிய வசதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விசைப்பலகை, சுட்டி போன்றவை ஒரு வகை. பென் டிரைவ் போன்ற சேமிப்பகங்கள் ஒரு வகை. ஒலிக்கருவிகள், கேமராக்கள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வகைகள். ஒவ்வொரு வகையும் எப்படிப் பேச வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எனவே கணினி இதற்கு முன் பார்த்தேயிராத ஒரு நிறுவனத்தின் பென் டிரைவைச் செருகினாலும், "நான் சேமிப்பக வகை" என்று அது சொன்னவுடன், இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள பொதுவான டிரைவர் மென்பொருள் பொறுப்பேற்றுக்கொள்கிறது. பழைய காலத்தில் ஒவ்வொரு கருவியோடும் ஒரு குறுவட்டு வந்த தேவை இதனால் பெரிதும் குறைந்தது. பொது வகைக்குள் அடங்காத சிறப்பு வசதிகள் உள்ள அச்சுப்பொறிகளுக்கும் ஸ்கேனர்களுக்கும் மட்டும், நிறுவன எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் வைத்து அதற்கே உரிய டிரைவரைத் தேட வேண்டியிருக்கிறது. கருவியைச் செருகியவுடன் திரையின் மூலையில் தோன்றும் அறிவிப்பு, இந்த விசாரணை முடிந்ததற்கான அடையாளமே.

இப்போது விசைப்பலகைக்குத் திரும்புவோம். விசாரணையின்போதே அது, "என்னை இத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை விசாரித்தால் போதும்" என்று ஓர் இடைவெளியைக் கூறியிருக்கும். 10 மில்லிநொடி என்றால் நொடிக்கு 100 முறை; விளையாட்டுக்கென்று விற்கப்படும் சுட்டிகளில் 1 மில்லிநொடி என்று வைத்து நொடிக்கு 1000 முறை கேட்கச் செய்கிறார்கள். பெரும்பாலான நேரம் விசை எதுவும் மாறியிருக்காது. அப்போது கருவி "இப்போது ஒன்றுமில்லை" என்ற பொருளில் மிகச் சிறிய ஒரு குறியை மட்டும் அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். இத்தனை கேள்விகளையும் கேட்டுக்கொண்டிருந்தால் கணினியின் செயலிக்கு வேறு வேலையே நடக்காதே என்ற ஐயம் எழலாம். கேட்பது செயலி அல்ல. அதற்கென்றே அமைந்த கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று பட்டியலை வைத்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று கேட்டு வருகிறது. புதிய செய்தி வந்தால் மட்டும்தான் அது செயலியைத் தட்டி எழுப்பும்.

வரும் செய்தியின் உள்ளடக்கமும் கவனிக்கத்தக்கது. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணையே அனுப்புகிறது. ஆங்கில விசைப்பலகையில் எச் என்ற எழுத்து அச்சிடப்பட்ட விசைக்கு எண் 11. கணினியில் ஆங்கில அமைப்பு இருந்தால் 11 என்பது எச் ஆகிறது. தமிழ்99 அமைப்பு இருந்தால் அதே 11 'க' ஆகிறது. தமிழில் தட்டச்சு செய்கிறோமா ஆங்கிலத்தில் செய்கிறோமா என்பது விசைப்பலகைக்குத் தெரியவே தெரியாது. தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகையைத் தேடி அலையாமல், எந்த விசைப்பலகையிலும் தமிழ் எழுத முடிவதற்குக் காரணம் இதுவே.

எல்லாக் கருவிகளையும் ஒரே மாதிரி விசாரித்தால் போதாது. சுட்டிக்குத் தேவை சில பைட்டுகள், ஆனால் தாமதம் கூடாது. பென் டிரைவுக்குப் பெருங்கூட்டமாகத் தகவல் செல்ல வேண்டும். சிறிது தாமதமானால் பாதகமில்லை, ஆனால் ஒரு பிட்கூடத் தவறக் கூடாது. ஒலிபெருக்கிக்கோ நேரம்தான் எல்லாம். ஆகையால் யுஎஸ்பியில் நான்கு விதமான பரிமாற்றங்கள் உண்டு. விசாரணைக்கும் கட்டளைக்கும் ஒன்று. குறித்த இடைவெளியில் கேட்கப்படும் விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்கு ஒன்று. மற்றவர்கள் போக மிஞ்சிய நேரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும் மொத்தப் பரிமாற்றம் ஒன்று. நான்காவது விதம்தான் சுவையானது. ஒலிக்கும் வெப்கேமின் காட்சிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு நேரம் முன்பதிவு செய்யப்படுகிறது. ஆனால் வழியில் ஒரு தகவல் பொட்டலம் பழுதடைந்தால் அதைத் திரும்பக் கேட்பதே இல்லை. பேச்சின் நடுவே விட்டுப்போன ஒரு துளி ஒலியை அரை நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை அல்லவா? பென் டிரைவில் அப்படி விட்டுவிட முடியாது. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்கிறது; மறுமுனையில் கணக்குப் பொருந்தாவிட்டால் அப்பொட்டலம் மீண்டும் அனுப்பப்படுகிறது.

துளைகள் போதாதபோது நாம் ஹப் வாங்கிப் பொருத்துகிறோம். அதை வெறும் கிளைக் கம்பியாக நினைக்கக் கூடாது. அதுவும் முகவரியும் வகையும் கொண்ட ஒரு யுஎஸ்பி கருவியே. தன் துளை ஒன்றில் புதிய கருவி கை உயர்த்தினால், அடுத்த முறை கணினி தன்னைக் கேட்கும்போது அதைத் தெரிவிக்கும். ஹப்பில் இன்னொரு ஹப்பைச் செருகிக் கிளைவிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் கணினிக்கும் கடைசிக் கருவிக்கும் இடையே ஐந்து ஹப்களுக்கு மேல் கூடாது. ஒரு கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்புவதற்குக் குறிப்பிட்ட நேரம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஹப்பும் ஒவ்வொரு மீட்டர் கம்பியும் அந்த நேரத்தைத் தின்கின்றன. யுஎஸ்பி 2.0 கேபிளின் நீளத்தை 5 மீட்டருக்குள் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். ஒரு கட்டுப்பாட்டுச் சில்லின் கீழ் 127 முகவரிகள் என்று சொன்னாலும், அத்தனை பேரும் ஒரே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு ஹப்பில் வெப்கேமையும் வெளி ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் நகலெடுப்பு மெதுவாவதற்குப் பலமுறை இதுவே காரணமாக இருக்கும்.

மின்சாரத்திலும் இதே கேட்டுப் பெறும் ஒழுங்கு உண்டு. யுஎஸ்பி 2.0இல் புதிதாகச் செருகிய கருவி 100 மில்லிஆம்பியர் வரைதான் எடுக்கலாம். விசாரணையில் தன் தேவையைக் கூறி அனுமதி பெற்ற பிறகே 500 வரை போகலாம். யுஎஸ்பி 3.0இல் அந்த மேல்வரம்பு 900. பின்னர் வந்த பவர் டெலிவரி என்னும் விதிமுறையில், சார்ஜரும் கருவியும் எத்தனை வோல்ட் வேண்டும் என்று தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. 2021இல் வந்த பதிப்பின்படி 240 வாட் வரை தரலாம் என்பதால் பெரிய மடிக்கணினிகளும் அதில் அடங்கிவிட்டன. மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மலிவான சில சார்ஜிங் கேபிள்களில் தகவல் கம்பிகள் இரண்டும் இருப்பதே இல்லை. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. கைபேசியைக் கணினியில் மாட்டினால் சார்ஜ் ஏறும், ஆனால் படங்களை எடுக்க முடியாது. கைபேசி பழுதென்றும் கணினி பழுதென்றும் அரை நாளைத் தொலைத்த பின்னர்தான் கேபிளை மாற்றிப் பார்க்கத் தோன்றுகிறது. கை உயர்த்துவதற்கான கம்பியே இல்லாத கருவியைக் கணினி எப்படி அறியும்?

வேகங்களின் வளர்ச்சியை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 4 ஜிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்பை 1998இன் யுஎஸ்பி 1.1 வழியாக நகலெடுத்தால், இடையில் எந்த வீணும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 45 நிமிடம் ஆகும். 2000இல் வந்த 2.0இல் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். 2008இல் வந்த 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தை எட்டி அதைச் சுமார் 8 நொடியாக்கியது. நடைமுறையில் இவற்றைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பென் டிரைவின் உள்ளிருக்கும் நினைவகமே மெதுவாக எழுதுமானால் கம்பியின் வேகத்தால் ஆவது ஒன்றுமில்லை. 3.0இல் பழைய ஜோடிக் கம்பி அப்படியே இருக்க, போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி என்று புதிதாகச் சேர்த்தார்கள். கருவியின் மௌனத்திலும் சிறு தளர்வு வந்தது: "இப்போது தயாரில்லை" என்று ஒருமுறை சொன்ன கருவியை விடாமல் நச்சரிக்காமல், தயாரானதும் அதுவே ஒரு குறிப்பு அனுப்பலாம் என்று அனுமதித்தார்கள். எனினும் தகவலை எப்போது எடுத்துக்கொள்வது என்ற முடிவு இன்றும் கணினியுடையதே.

2014இல் வந்த டைப்-சி இணைப்பியை எந்தப் பக்கமாகவும் செருகலாம். அதன் 24 தொடுமுனைகள் இரு வரிசைகளிலும் எதிரொலிபோல் அமைந்திருப்பதாலும், செருகிய பக்கத்தைக் கண்டறியத் தனி முனைகள் இருப்பதாலும் இது சாத்தியமாயிற்று. முதல் இணைப்பியையே அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு, கம்பிகளும் மின்சுற்றும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்று அஜய் பட் விளக்கமளித்திருக்கிறார். டைப்-சி என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அது வேகத்தைக் குறிக்காது. உள்ளே 480 மெகாபிட் மட்டும் ஓடும் டைப்-சி கேபிளும் கடையில் உண்டு, 40 ஜிகாபிட் ஓடும் கேபிளும் உண்டு. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். யுஎஸ்பி விதிகளை எழுதுவோர் பதிப்புகளுக்குப் பெயரை மாற்றி மாற்றி வைத்ததும் சேர்ந்து, வாங்குவோரை நியாயமின்றிக் குழப்பியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

பென் டிரைவைப் பிடுங்குமுன் முறைப்படி வெளியேற்ற வேண்டும் என்பார்கள். இது மின்சாரம் பற்றிய எச்சரிக்கை அன்று. நகலெடுத்து முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், கணினி சில தகவல்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக எழுதிக்கொண்டிருக்கக்கூடும். இடையில் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றுவிடும். விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்று முதல், வெளிச் சேமிப்பகங்களுக்கு இத்தகைய தேக்கிவைப்பு இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது. ஆயினும் நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

கடைசியாக, இந்த அமைப்பின் பலவீனம் ஒன்று. "நீ யார்?" என்ற கேள்விக்குக் கருவி தரும் பதிலைக் கணினி அப்படியே நம்புகிறது, சரிபார்க்கும் வழி எதுவும் அடிப்படை விதிகளில் இல்லை. பென் டிரைவ் வடிவில் இருக்கும் ஒரு கருவி "நான் விசைப்பலகை" என்று சொன்னால், கணினி அதை விசைப்பலகையாகவே ஏற்று, அது அனுப்பும் விசை எண்களை நாமே தட்டியதாகக் கருதிக் கட்டளைகளை நிறைவேற்றும். 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரு ஆய்வாளர்கள், சாதாரணப் பென் டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளையே மாற்றி எழுதி இப்படி வேடம் போட வைக்க முடியும் என்று ஒரு பாதுகாப்பு மாநாட்டில் செய்து காட்டினர். வழியில் கிடந்து எடுத்த பென் டிரைவை அலுவலகக் கணினியில் செருகக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் பொதுத் துளைகளில் கைபேசியை மாட்டும்போதும் எதிர்முனையில் இருப்பது யார் என்று நமக்குத் தெரியாது. அந்த இடங்களில், மேலே நான் குறைபட்டுக்கொண்ட அந்தத் தகவல் கம்பி இல்லாத மலிவுக் கேபிள்தான் கையில் இருக்க வேண்டும்.